பருந்தாக நின்றவள்

நஸ்லா குவைத்திலிருந்து வந்து ஒன்பது நாளாகியும் மகள் றுஸ்தா அவள் பக்கத்தில் வரவில்லை. கொடுத்த பொம்மையை வாங்குவாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள், பிறகு பெரியம்மா சரீபாவின் பின்னால் போய் நின்றுகொள்வாள். பிள்ளைக்குப் பத்து மாதமாக இருக்கும்போது அதன் வாப்பா வேறு கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டார். நஸ்லா பிள்ளையைத் தன் ராத்தா சரீபாவிடம் விட்டுவிட்டு வீட்டுவேலைக்குப் போனாள். இப்போது றுஸ்தாவுக்கு ஆறு வயது. வருகிற வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு மருதமுனையில் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குக் குடிபோவதாக ஏற்பாடு.

பள்ளிக்கூட விடுமுறை. மூன்று நாள் மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் கட்டிலுக்குக் கட்டில் பாய்ந்து, அலுமாரிக் கண்ணாடியையும் உடைத்துவிட்டார்கள்.

“இதுகள நல்லா ஓட உட்டுக் களைக்க வெச்சாத்தான் அடங்குங்கள். வா நஸ்லா, கடக்கரைக்குப் போவம்” என்றாள் சரீபா.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போனார்கள். கரையேற்றியிருந்த தோணிகளுக்கு அப்பால் மணல் ஈரத்தில் இறுகிக் கிடந்தது. முதலில் கயிறிழுத்தார்கள், பிறகு கள்ளன் பொலிஸ். றுஸ்தா இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று நஸ்லாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இனிக் கோழியும் பருந்தும்!” என்று கத்தினான் சரீபாவின் மூத்தவன் றிஸ்மி.

சரீபா கோழியானாள். அவள் பின்னால் பிள்ளைகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து நீண்டார்கள். றுஸ்தா முதல் குஞ்சு.

“பருந்து ஆரு?”

“நான் வாறன்” என்று நஸ்லா அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

வாலிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்தாள். கடைசியில் றுஸ்தா மட்டும் மிஞ்சினாள். நஸ்லா பாய்ந்து அவளை வாரி நெஞ்சோடு அணைத்தாள்.

“பிடிச்சிட்டன்! இனி என்ட புள்ள!”

பிள்ளையின் உடம்பு விறைத்தது. சரீபாவின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அலறினாள்.

“உம்மா! என்னக் குடுத்திடாதீங்க உம்மா! குழப்படி செய்ய மாட்டன். வெள்ளிக்கிழம அனுப்பாதீங்க உம்மா!”

மற்றப் பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினார்கள். சரீபாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. “அவதான் புள்ள ஒண்ட உம்மா” என்றாள்.

நஸ்லா பிள்ளையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

“பருந்து தோத்துப் போயிட்டு” என்றாள் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி. பிள்ளைகள் துள்ளினார்கள். அவள் கடலோரம் போய் முகம் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள்.

சரீபா பின்னாலேயே வந்தாள். “ரெண்டு நாளையில பழகிடுவா, நஸ்லா.”

“அண்டைக்கு நான் போகக்குள்ளயும் இப்பிடித்தான் புள்ள கத்தினா, ராத்தா. என்ட கழுத்தப் பிடிச்ச கையக் கழட்டி உங்கட மடியில போட்டுட்டுப் போனன். இன்னொருக்காக் கழட்டினா அவ எப்பிடித் தாங்குவா?”

சரீபா தங்கச்சியின் நனைந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நஸ்லா பெட்டியோடு தனியாக ஓட்டோவில் ஏறினாள். றுஸ்தா வாசலுக்கு ஓடிவந்து, முதன்முதலாகத் தானாகவே கைகாட்டினாள். அந்த முகத்திலிருந்த நிம்மதியைத்தான் நஸ்லாவால் பார்க்க முடியவில்லை.