வாசலைத் தாண்டிப் போன வண்டி

வேகத்தைக் குறைத்து வண்டியை வீட்டு கேட் பக்கம் ஒடிக்கப் போனாள் மாஸ்டரின் மனைவி. பக்கத்து இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

"நேரா போ."

"வீடு வந்தாச்சுங்க."

"கண்ணு இன்னும் நல்லாதான் இருக்கு. நேரா போ."

கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்த அவருடைய அக்கா, வண்டி தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துத் தெருவுக்கே ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தம்பியின் உயிர் சொந்த வீட்டில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அந்த அக்காதான்.

"எங்க போறதுங்க?"

"நம்ம கிளாஸ் ரூமுக்கு."

பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன் அவர். மனைவியையும் விட்டுவைக்கவில்லை, பெண்களுக்கு வகுப்பெடுப்பது அவள் வேலை. பேராசையில் ஒரே நேரத்தில் ஆறு புது வண்டிகளைக் கடனில் இறக்கியதில் டிரைவிங் ஸ்கூல் படுத்தது. வீட்டையும் அடமானம் வைத்தார்கள். கடைசியில் இரண்டு பேருமாகத் திவால் மனு போடுவது என்று முடிவானது. வக்கீலம்மா எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே கேள்விதான்: வீட்டை வைத்துக்கொள்வதா, விடுவதா?

வைத்துக்கொண்டால் தவணை தொடரும். அதை அவள் தனி ஆளாகக் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் எல்லாக் கடனும் அதோடு தீரும். தொழிலுக்கான இந்தப் பழைய வண்டியைச் சட்டப்படி யாரும் தொட மாட்டார்கள். அவளுக்கு விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் சாகப் போகிறவரிடம் அதை எந்த வாயால் சொல்வது? "வீட்ட விட்டா மானம் கப்பலேறிடும்" என்று அக்கா வேறு காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அவரும் வக்கீலம்மாவிடம் வைத்துக்கொள்கிறோம் என்றே சொல்லிவந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

கிளாஸ் ரூம் என்பது வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மெத்தை விரித்து அவரைப் படுக்கவைத்தாள். சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். மதியம் வக்கீலம்மா வந்தாள்.

"வீட்டுக்கு என்ன எழுதட்டும் மாஸ்டர்?"

"விட்டுடறோம்னு எழுதும்மா."

பேனாவை வாங்கிக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். வக்கீலம்மா அன்றைக்கே மனுவைத் தாக்கல் செய்யப் புறப்பட்டுப் போனாள்.

"எனக்காகவா விட்டீங்க? நான் ஒண்ணுமே சொல்லலியே."

"முப்பது வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்திருக்கேன். ஓட்டுறவங்க மனசு கையில தெரியும். கேட்டப் பாத்ததும் நீ ஸ்டியரிங்க அப்படி இறுக்கிப் பிடிச்ச. முதல் நாள் கிளாஸுக்கு வந்தப்போ கூட நீ இப்படிப் பயப்படல." மூச்சு வாங்கியது. "நீ காலம் பூரா தவணை கட்டிச் சாகணும், நான் போட்டோவுல ஜம்முனு உக்காந்து பாக்கணுமா? எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனைப் போய்க் கட்டிக்கொண்டோமே என்று ஆயிரம் தடவை அலுத்துக்கொண்டவளுக்கு, அன்றைக்கு ஊரையே கூப்பிட்டு இவர் என் புருஷன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் டீயை ஆற்றிக்கொண்டு திரும்பினாள். அவர் போய்விட்டிருந்தார்.

அக்கா வந்து இறங்கும்போதே சண்டையோடுதான் இறங்கினாள்.

"சொந்த வீடு குத்துக்கல்லாட்டம் நிக்குது. என் தம்பி பெஞ்சு மேலயா சாகணும்?"

"கடன்காரன் யாரும் கதவத் தட்டாத இடத்துல செத்தாரு, அண்ணி. நிம்மதியாப் போனாரு."

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். வீட்டை யாரும் புடுங்கிக்கல. அவரே முழு நினைவோட கையெழுத்துப் போட்டு விட்டாரு. அதையும் சேத்துப் பேசச் சொல்லுங்க." கையை நீட்டினாள். "வீட்டுச் சாவியக் குடுங்க. கடன் குடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கணும்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையில் கையை விட்டுத் துழாவி, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் அவள் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். அவள் அண்ணியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அமரர் ஊர்தியின் டிரைவர் தயங்கித் தயங்கி வந்தான். மாஸ்டரிடம் படித்து, நாலாவது டெஸ்டில் தேறியவன்.

"எந்த வழியாம்மா போறது? வீட்டு வழி வேணாம்னா சுத்திப் போறேன்."

"எதுக்குச் சுத்தணும்? வீட்டு வழியாவே போ. நான் பின்னாடி வர்றேன்."

அண்ணியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டினாள். அவர்கள் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. வீடு வலப்பக்கம் வந்தது. அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு பின்னால் போனது. அவள் பின்கண்ணாடியைப் பார்த்தாள். அதில் வீடு தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் கார்கள், வேன்கள், ஒரு பள்ளிக்கூட பஸ், எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த இடைவெளி விட்டு, ஒரு ஹாரன் சத்தம் கூட இல்லாமல் வந்துகொண்டிருந்தன.