கதவில்லாத வரவேற்பறை

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து டினோஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. கடல் தெரியட்டும் என்று தோட்டவெளிப் பக்கத்து அந்த ஹோட்டலின் வரவேற்பறையைக் கதவே வைக்காமல் கட்டியிருந்தார்கள். அவளுடைய மேசையிலிருந்து பதிவுப் படிவங்கள் பறந்தன. அறைச் சாவி அட்டை போடும் மெசினுக்குள் மணல் ஏறியது. படிவங்களுக்கு மேல் கல்லு வைத்தால், "வடிவில்லை, எடு" என்பார் முதலாளி.

இன்று, அந்த ஹோட்டலுக்குக் கட்டட வரைபடம் கீறிக் கொடுத்த எஞ்சினியரே கொழும்பிலிருந்து தங்க வந்தார். அவர் கையெழுத்து வைக்குமுன் படிவம் பறந்தது. அடுத்ததும் பறந்தது. மூன்றாவதை அவர் எட்டிப் பிடிக்க, கண்ணுக்குள் மண் விழுந்தது.

"உந்தக் கதவைச் சாத்தினால் என்ன, பிள்ளை?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே சீறினார்.

டினோஜா பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது படிவத்தை நீட்டினாள்.

"நீங்கள் கதவொண்டு கீறியிருந்தால் சாத்தியிருப்பன், சேர்."