அமெரிக்கருக்காக நின்ற நெல்

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்க நிபுணர் ஒருவர் எங்கள் ஸ்கந்தபுரத்துக்கு நெல் பார்க்க வருவதாக இருந்தது. நெல்லை நாங்களும் பார்த்துத்தான் இருந்தோம். ஆனால் அவர் பார்த்தால்தான் அது விளைந்ததாகக் கணக்கு என்றார் விவசாயப் போதனாசிரியர் பரமலிங்கம்.

வீரகத்தியின் வயல் தெரிவானது. அது றோட்டோரம் இருந்தது. நிபுணர் சப்பாத்தில் சேறு படாமலே விவசாயத்தை முழுதாக ஆராயலாம். புது விதை, கயிறு பிடித்த நடுகை, பசளை எல்லாம் பரமலிங்கத்தின் சொற்படி. வீரகத்திக்கும் மனைவி இரஞ்சிதத்துக்கும் அந்த ஒரு வயல்தான். அடுத்த தைவரைக்கும் சோறும் அதுதான், விதைநெல்லும் அதுதான்.

பயிர் பழுக்கிற நேரம் கொழும்பிலிருந்து நிபுணரின் கடிதம் வந்தது. 3/2/1959 அன்று வருவாராம். அதுவரை கதிரில் கத்தி படக்கூடாதாம்.

இரண்டாம் மாதமான மாசியின் மூன்றாம் திகதி தோரணம் கட்டினோம். பரமலிங்கம் கழுத்துப்பட்டி கட்டினார். தூரத்தில் புழுதி கிளம்பியதும் தவிற்காரர் அவசரப்பட்டு அடித்துவிட்டார். வந்தது விறகு வண்டில். மாடுகள் மிரண்டு வாய்க்காலில் இறங்கியதோடு வரவேற்பு நிறைவுற்றது.

மறுநாள் வீரகத்தி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது பரமலிங்கம் சைக்கிளில் வந்தார்.

"பொறும் வீரகத்தி. அமெரிக்காவிலை இண்டைக்குத்தான் மூண்டாந் திகதி."

"அவர் இருக்கிறது கொழும்பிலையெல்லே ஐயா?" என்றாள் இரஞ்சிதம்.

"ஆள் கொழும்பிலை. பழக்கம் அமெரிக்காவிலை."

அந்தப் பழக்கம் ஒரு கிழமை நீடித்தது. கதிர்கள் சாய்ந்தன. பகலில் கிளிகளும் மயில்களும், இருட்டினால் பன்றிகளும் முறைவைத்து வந்தன. நிபுணரைத் தவிர எல்லாரும் வயலைப் பார்வையிட்டார்கள்.

"ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கோவன் ஐயா," என்றார் வீரகத்தி.

"ஏன் வரேல்லை எண்டு பெரிய மனிசரிட்டைக் கேக்கிறதே? மரியாதை எண்டு ஒண்டிருக்கு. நீர் வெட்டினால் வெட்டும். பிறகு காணிக் கந்தோரிலை உம்மடை பேரைக் கேட்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

காணி அரசாங்கத்தினது; அந்தக் கந்தோர் நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வீரகத்தி கத்தியைக் கூரைக்குள் செருகினார்.

"வெள்ளைக்காரன் என்ன எங்கடை நெல்லுக்கு மாப்பிள்ளையே, வந்து தாலி கட்டுமட்டும் வைச்சிருக்க?" என்று இரஞ்சிதம் ஏசினாள். பரமலிங்கத்துக்குக் கேட்கட்டும் என்றுதான் ஏசினாள். அவர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாசி முடிய, மணியெல்லாம் கொட்டுண்டு நிலத்து வெடிப்புகளில் கிடந்தது. தாளில் மிஞ்சியது வைக்கோல். இரஞ்சிதம் அதற்குமேல் பொறுத்திருக்கவில்லை. கத்திதானே படக்கூடாது என்றார்கள்? ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிக் கூட்டத் தொடங்கினாள். வீரகத்தி பின்னால் சுளகோடு போனார்.

அப்படிக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பங்குனி இரண்டாம் திகதி, ஜீப் வந்தது. நிபுணர் சிரித்த முகத்தோடு இறங்கினார். தகவலறிந்து பரமலிங்கம் கழுத்துப்பட்டி இல்லாமல் ஓடிவந்தார். நிபுணர் ஒரு கதிரைப் பிடித்து உருவினார். கையில் ஒன்றும் இல்லை. தலையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"என்னவாம் ஐயா?" என்று கேட்டாள் இரஞ்சிதம்.

"நல்ல விளைச்சலாம்."

"அதுக்கேன் தலையை உப்பிடி ஆட்டுறார்?"

"அவையளின்ரை நாட்டிலை சந்தோஷம் அப்பிடித்தான்."

பிறகு பரமலிங்கம் குரலைத் தாழ்த்தி, மாசி மூன்றாம் திகதி பார்த்திருந்த கதையை இங்கிலீசில் சொன்னார். நிபுணர் வியப்போடு தன் குறிப்புப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அதிலும் 3/2 தான்; அவர் கணக்கில் மூன்றாம் மாதம், இரண்டாம் நாள். தான் ஒருநாளும் பிந்துவதில்லை என்றார்.

பரமலிங்கம் இரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். "அவையள் மாதத்தை முன்னுக்கு எழுதுவினமாம்."

"முன்னுக்கு எழுதட்டும், தலைகீழா எழுதட்டும். இனித் தைவரைக்கும் என்னத்தை அடுப்பிலை வைக்கிறதெண்டு கேளுங்கோ."

பரமலிங்கம் அதை "மிக்க நன்றி" என்று மொழிபெயர்த்தார். நிபுணர் தொப்பியைக் கழற்றி வணங்கி, ஈர்க்குமாறும் கையுமாக நின்ற இரஞ்சிதத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார்.

அவரது அறிக்கை சித்திரையில் கந்தோருக்கு வந்தது. இப்பகுதி மக்கள் நெல்லைத் துடைப்பத்தால் அறுவடை செய்கிறார்கள், மிகப் பழமையான முறை, விளைச்சல் குறைவதற்கு அதுவே காரணம், உடனடிப் பயிற்சி அவசியம் என்று கண்டிருந்தது. பயிற்சி கொடுக்க மிகப் பொருத்தமானவர் திரு. பரமலிங்கம் என்றும் அதில் இருந்தது.

இரஞ்சிதம் கூட்டிய நெல் மண்ணும் கல்லுமாகக் கொஞ்ச நாள் சோறாகியது. விதைக்கு ஒரு மணி மிஞ்சவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சாக்கு விதைநெல் இலவசம் என்று அறிவித்தார்கள். அதனால் வீரகத்தி முதல் வரிசை வாங்கிலேயே போய் உட்கார்ந்தார்.

"கதிர் முத்தினால் உடனை வெட்டவேணும்," என்று பரமலிங்கம் கரும்பலகையில் படம் கீறி விளக்கினார். "ஆருக்காகவும் நாளைக் கடத்தக்கூடாது. விளங்கிச்சோ வீரகத்தி?"

"நல்லா விளங்கிச்சு ஐயா," என்று எழுந்து நின்றார் வீரகத்தி. "விதைநெல்லுக்குச் சாக்கை எங்கை கொண்டுவந்து பிடிக்கிறது?"