பானைக்குள் விட்டுப்போன குஞ்சுகள்

அன்று காலையும் ஃப்ளோரன்ஸ், முட்டையிடப் பானைகள் கட்டிய கூண்டுக்குள் தினையைத் தூவிவிட்டுத்தான் வந்தாள். கணவர் மரியதாஸ் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம். அவர் வளர்த்த லவ் பேர்ட்ஸ் அத்தனையையும் கொண்டுபோக, அடையாற்றில் புதுக் கூண்டுகள் கட்டியிருந்த அவருடைய அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் வலையோடு சாந்தோம் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, பானைக்குள்ள கண்ணு தொறக்காத குஞ்சுங்க கீது. பானையோட எடுத்துக்கினு போங்க. தாய் இல்லாங்காட்டி செத்துடும்."

"வண்டில இடமில்ல. செத்தா அங்க வேற பொரிச்சுக்கும். பெத்தவளாட்டம் இன்னா துடிக்கிற? நீ ஒண்ணாவது பெத்தியா?"

வண்டி போனதும் அவள் ரொட்டியைப் பாலில் கரைத்துத் தீக்குச்சி முனையால் ஊட்டிப் பார்த்தாள். மறுநாள் மாலைக்குள் எல்லா அலகுகளும் மூடிவிட்டன. கொல்லையில் புதைத்தாள்.

அடையாற்றில் பெட்டைகள் சீக்கிரமே மறுபடி முட்டையிட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஸ்தனிஸ்லாஸ் எப்போதும்போல முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.