வழிப்போனவன் கல்

‘ணங்’கென்று இரும்பு கல்லில் விழுந்த சத்தம் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மோதித் திரும்பியது. மேலே இடிந்த கோட்டை மதிலிலிருந்து காக்கைகள் கலைந்து பறந்தன.

சாதுக் அடிப்பதை நிறுத்தவில்லை. கீழே சாலையில் செம்படைக் காவல் இருப்பது அவனுக்குத் தெரியும். அவனைப் போன்ற வெள்ளைப்படை அதிகாரி அகப்பட்டால் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு வருஷம் ஆட்டு மந்தையோடு மலையில் ஒளிந்திருந்துவிட்டு வீட்டுக்கு இறங்கியவன், தன் இனத்தாரான கராயிம்களின் இடுகாட்டில் தன் பெயரையே கல்லில் பார்த்துவிட்டான். வெளியூரில் செத்து, உடல் வந்து சேராதவனுக்கு அவர்கள் நடுகிற வெற்றுக் கல்; ‘வழிப்போனவன் கல்’ என்பார்கள்.

கைக்கோடரியின் முதுகால் மறுபடி ஓங்கினான். பின்னாலிருந்து ஒரு கை மணிக்கட்டைப் பற்றியது. அம்மா பிகெனேஷ். தினமும் காலையில் வந்து இந்தக் கல்லின் முன் அழுகிறவள்.

மகனைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை. “கோடரியே படக்கூடாத இந்த ஓக் மரத்தடிக்குக் கோடரி எடுத்துட்டு வரலாமாடா? நம்ம முன்னோர் யாராவது செஞ்சிருக்காங்களா?” என்றாள்.

“உயிரோட இருக்கிறவனுக்குக் கல்லு மட்டும் நடலாமா?”

அவள் கீழே சாலையைப் பார்த்தாள். தன் மனைவி ஆக்பிகே எங்கே என்று அவன் கேட்டான். துக்கம் முடிந்ததும், போன மாதம் அவள் கெஸ்லெவ் ஊர்க்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

சாதுக் தரையில் உட்கார்ந்துவிட்டான். போன குளிர்காலத்தில் இடையன் சேயித்தை அனுப்பி, ஆக்பிகேயைக் காத்திருக்கச் சொல்லியிருந்தானே! பாவி, அவளிடம் சொல்லிவிட்டதாகப் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டானா?

எழுத்துகளை உற்றுப் பார்த்தான். அப்பாவின் கல்லில் எபிரேயம் மட்டும்தான். இதில் ரஷ்ய எழுத்தும் பெரிதாக இருந்தது.

“இது யாருக்கும்மா? செத்தவங்க படிக்கவா?”

“உன்னைத் தேடி வந்தவங்க படிக்க. மூணு தடவை வீட்டைக் குடைஞ்சாங்க. இங்க கூட்டிட்டு வந்து காட்டினேன். அப்புறம் வரலை.”

கீழே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அவள் அவனைக் கல்லுக்குப் பின்னால் தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழ உட்கார்ந்தாள்.

“ஆக்பிகேகிட்டயாவது சொல்லியிருக்கலாமே... அந்த சேயித் வரவே இல்லையா?” என்று பின்னாலிருந்து கேட்டான்.

அவள் திரும்பவில்லை.

“வந்தான்டா. நீ உயிரோட இருக்கேன்னு அவன் என்கிட்ட சொன்ன மறுநாள்தான் இந்தக் கல்லைக் கொத்தச் சொன்னேன்.”