குராவ் கூடைக்குக் கொடுத்த பெயர்

1955ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, தேக்கா சந்தையில் மீன்கடை வைத்திருந்த கோவிந்தசாமி ஒரு கூடை குராவ் மீனுக்கு விலையாகத் தன் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டார். அன்று பகல் பதினொன்றே காலுக்கு, பஃபலோ ரோட்டில் அவர்கள் குடியிருந்த அறையில், மூன்று நாள் காய்ச்சலோடு பாயில் கிடந்த பத்து வயது லீலாவைச் சுற்றிக் கடல் ஏறியது. கணுக்கால் அளவுதான். அம்மா பாக்கியலட்சுமி பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். கடலும் மேசைமேல் ஏறி அங்கேயும் கணுக்கால் அளவுக்கு நின்றது. மாலை ஐந்து மணிக்கு அது வற்றியபோது தரையில் ஒரு பிடி நெத்திலியும் இரண்டு நண்டும் கிடந்தன. லீலாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. குராவ் அன்று நல்ல விலைக்குப் போனது.

பெயரை எப்படி விலையாகக் கொடுக்க முடியும் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து மொத்தமீன் சந்தையைப் பார்க்காதவர்கள். ஆற்றோரத்தில் இருந்த அந்தச் சந்தையில் ஏலம் கூவிப் போடுவதில்லை. வாங்க வந்தவர் ஒவ்வொருவராக ஏலக்காரரின் காதருகே குனிந்து தம் விலையை முணுமுணுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்கக் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்ததும், யார் சொன்னது கூடுதலோ அவரை ஏலக்காரர் விரலால் காட்டுவார். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது, சொன்னது சொன்னதுதான். ஏலக்காரர் ஆ செங் தியோச்சூ பேசும் சீனர், முப்பது வருடமாக அந்தக் காதை வைத்துப் பிழைத்தவர். மூன்று நாளாகக் கண்மூடாத கோவிந்தசாமி அவர் காதில் இருபத்தெட்டு வெள்ளி என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்தது லீலா. கூடை தன் காலடிக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சந்தை மலாயில் கெஞ்சினார். ஆ செங் கையை விரித்தார். இன்று காலை இந்தக் காதில் விழுந்ததிலேயே அதுதான் கனமான விலை, நான் என்ன செய்யட்டும் என்றார்.

சரி, அந்த விலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இங்கேதான் எல்லோருக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது. விலை மீனுக்குச் சொந்தக்காரருக்கு என்றார் ஆ செங். அந்த மீன் சாங்கி பக்கத்துக் கெலோங்கில் பிடித்தது; கெலோங் என்றால் கடலுக்குள் கழிகளை வரிசையாக நட்டு மீனை வலைக்குள் வரவழைக்கும் பொறி. கோவிந்தசாமி அங்கேயும் போனார். கெலோங் முதலாளி கும்பிடாத குறையாகச் சொன்னார்: கழி என்னுடையது, வலை என்னுடையது, மீன் கடலுடையது, உன் பிள்ளையை எனக்கு யாரும் தரவில்லை. கோவிந்தசாமி கடலைப் பார்த்தார். கடல் வழக்கம்போல இருந்தது. அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து அழுதார்.

அதன்பின் நாளுக்கு இரண்டு முறை, பத்திரிகையில் போடும் ஏற்ற இறக்க நேரம் பிசகாமல், லீலா எங்கே நின்றாளோ அங்கே கடல் ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வரிசையில் வடிகாலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சினிமா கொட்டகையில் இடைவேளைக்கு முன்பே எழுந்து போகச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அக்கம்பக்கம் பழகிவிட்டது; மனிதனுக்கு எதுதான் பழகாது. பழகாத ஒரே ஆள் கோவிந்தசாமி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார். தண்ணீர் ஆண்டுக்கு அரைச் சாண் உயர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை வளர்வதைவிட வேகமாக.

1962இல் லீலாவுக்கு ஈப்போவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. மலைப்பக்கம் போனால் கடல் விட்டுவிடும் என்று குடும்பமே நம்பியது. ரயில் குளுவாங்கைத் தாண்டும்போது மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறியது, பயணிகள் பெட்டி படுக்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள், ரயில் கார்டு வந்து மீன் கொண்டுபோக அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பினார்கள். தான் போய் நின்று பாடம் சொல்ல ஒரு ஊர்கூட இல்லையா என்று லீலா அம்மாவிடம் கேட்டாள்.

தண்ணீர் ஆழமாக ஆக மீனும் பெரிதாயிற்று, பரப்பும் தெருவுக்கு வந்தது. நெத்திலி போய்க் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி வந்தது, கெம்போங் போய் வௌவால், இறால், சில நாள் குராவே வந்தது. அடுத்த ஆண்டு இந்தோனேசியாவோடு தகராறு மூண்டு, தெற்கே கடலுக்குப் போகப் படகுக்காரர்கள் பயந்தபோது, தேக்கா சந்தையின் மீன் மேடைகள் காலியாகாமல் இருந்ததற்கு லீலாவின் இரண்டு பாதங்களே காரணம். கடலில் ஒருவர் வலை போட்டால் கரையில் ஐந்து பேருக்கு அடுப்பு எரியும் என்பார்கள் அந்தத் தொழிலில். வலை போட ஆளே இல்லாமல் பஃபலோ ரோட்டில் நாற்பது அடுப்பு எரிந்தது. ஐஸ் உடைப்பவர், கூடை முடைபவர், செதில் சீவுபவர், மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுபவர், லாரிக்காரர் எல்லோரும் லீலா எந்த நேரத்தில் எங்கே நிற்பாள் என்பதை வைத்துத்தான் காலையில் எழுந்தார்கள்.

அரசாங்கமும் வந்தது. மீன்வள அலுவலகத்திலிருந்து ஏரம்பமூர்த்தி என்ற கிளார்க்கை அனுப்பினார்கள். நாட்டில் எந்தக் கரையில் எவ்வளவு மீன் இறங்குகிறது என்று ஆண்டறிக்கை எழுதுவது அவர் வேலை. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், காத்தோங்கில் சிலோன் ரோட்டில் அக்கா இரஞ்சிதத்தோடு குடியிருந்தார், முப்பது வயது, ஆறடி உயரம், பிறந்ததிலிருந்து சுத்த சைவம். நாட்டின் மீனையெல்லாம் எழுதி வைத்தவர் ஒரு மீனைத் தொட்டதில்லை. கால்சட்டையை மடித்துவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றின் பெயரையும் லீலாவிடம் கேட்டு எழுதுவார். ஒருமுறை எதையோ சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டார்.

“சார், அது மீன் இல்ல. என் செருப்பு” என்றாள் லீலா.

அவருடைய குழப்பம் வேறு மாதிரி. படிவத்தில் கரையின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பஃபலோ ரோடு என்று எழுதினார், மேலதிகாரி திருப்பி அனுப்பினார். லீலா என்று எழுதினார், அதுவும் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்குப் போனால் நாட்டின் கரை கோவில் வரை நீண்டு, வீட்டுக்கு வந்தால் சுருங்கியது. “உங்கட மகள் எங்க நிக்கிறாவோ அதுதான் கரை, ஐயா. நான் இதை என்னெண்டு எழுதிறது?” என்று கோவிந்தசாமியிடமே கேட்டார். கோவிந்தசாமிக்கு எழுத்து வேலை தெரியாது. அவர் சுவரில் இருந்த கோட்டைக் காட்டினார்.

1966 மே மாதக் கோடு லீலாவின் தோளுக்கு வந்துவிட்டது. ஏற்ற நேரத்தில் அவளால் உட்கார முடியாது, படுக்க முடியாது, நின்றே ஆகவேண்டும். இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். ஐஸ் கடை காதர் மைதீன் மட்டும் ஒளிக்காமல் பேசினார்.

“அண்ணே, புள்ளையக் காப்பாத்துங்க, வேணாம்னு சொல்லல. ஆனா தண்ணி நின்னுபோச்சுன்னா நாங்க எங்க போவோம், அதையும் சொல்லுங்க லா.”

கோவிந்தசாமி இடைப்பட்ட பதினொரு வருடமும் ஆ செங்கின் காதில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தவர். மனைவியின் தாலிக்கொடி, கடை, கடைசியில் தன் சொந்தப் பெயர். எதற்கும் அந்த விரல் அசையவில்லை. இந்த முறை ஆ செங்குக்கே இரக்கம் வந்து விதியைச் சொன்னார். யாருடைய பெயர் போயிற்றோ அவர்தான் வந்து வேறு பெயர் சொல்ல வேண்டும், கடல் அந்தப் பெயருக்குரிய ஆளிடம் போய்விடும். அந்தப் பெயருக்குச் சொல்லுபவர் மனசில் பழைய பெயருக்குக் குறையாத கனம் இருக்க வேண்டும். பழைய பெயரை ஒரு தகப்பன் சொன்னான், அதை நினைவில் வைத்துக்கொள் என்றார்.

“என் பேரச் சொல்லும்மா. எனக்கு வயசாயிருச்சு” என்றார் கோவிந்தசாமி.

“சொல்ல மாட்டேன்பா. உங்கள மூழ்கவச்சிட்டு நான் காஞ்ச தரையில நிம்மதியா நடப்பேன்னு நினைக்கிறீங்களா?”

பாக்கியலட்சுமி தன் பெயரைச் சொல்லச் சொன்னார். அதற்கும் மாட்டேன் என்றாள். வீட்டில் ஒரு மாதம் சரியாகச் சோறு இறங்கவில்லை.

ஏரம்பமூர்த்திக்கு இது தெரிந்தது ஜூன் மாதக் கணக்கெடுப்பில். அந்த வருடம்தான் காத்தோங் பக்கம் கடலில் மண் கொட்டிக் கரையைத் தள்ளிப்போடும் வேலை தொடங்கியிருந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னப் படகு வைத்துப் பிழைத்தவர்களுக்கு, கடலைப் பார்க்கவே இனி நெடுந்தூரம் நடக்க வேண்டும். சிலருக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்து, மடித்த வலையோடு லிப்டில் ஏறினார்கள். ஏரம்பமூர்த்தி மார்பளவுத் தண்ணீரில், குறிப்புப் புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்று லீலாவிடம் சொன்னார்.

“எங்கட பக்கம் கடல் இல்லாமப் போகுது. இஞ்சை இருக்கிற ஐஸ் கடைக்காரர் அங்கயும் வரலாம், பஸ் இருக்கு. என்ர பேரைச் சொல்லிப் பாருங்கோ. நான் உயரம், கனகாலம் தாங்கும். பாரம் காணாட்டி விட்டிடுங்கோ, எனக்கு ஒண்டும் இல்லை.”

மூன்று வருடமாகச் செருப்புக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்து, தனியாக மொத்தமீன் சந்தைக்குப் போனாள். கூட்டம் வழிவிட்டது. ஆ செங்கின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார், பிறகு விரலால் அவளைக் காட்டினார். என்ன பெயர் என்று இருவரும் யாருக்கும் சொல்லவில்லை, சந்தையின் வழக்கம் அது.

கோவிந்தசாமி தன் பெயர்தான் என்று முடிவுகட்டிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, அறையின் நடுவில் நின்றார். பாக்கியலட்சுமி தன் பெயராக இருக்கும் என்று அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏற்ற நேரம் பகல் ஒன்று பத்து. ஒன்று பத்து வந்தது, ஒன்றரை ஆயிற்று. லீலாவின் பாதம் காய்ந்திருந்தது. பதினொரு வருடத்தில் முதல்முறை. கோவிந்தசாமியின் பாதமும் காய்ந்திருந்தது. இருவரும் ஒருவர் காலை ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் யார்? தெருவில் ஆளாளுக்குத் தங்கள் காலைத் தொட்டுப் பார்த்தார்கள், காதர் மைதீன் உட்பட. லீலா மட்டும் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

அதே நேரம் சிலோன் ரோட்டில் இரஞ்சிதம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், அரிவாள்மனை மிதப்பதைப் பார்த்தார். சுவாமி அறை வாசலில் ஒரு வௌவால் மீன் நின்றது. பின்னால், மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த தம்பி கணுக்கால் தண்ணீரில், அலுவலக உடுப்போடு, தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த விதி இரஞ்சிதத்துக்கும் தெரியும். தகப்பன் சொன்ன பெயருக்குக் குறையாத கனம்.

“அடேய், அந்தப் பிள்ளைக்கு உன்னில இவ்வளவு விருப்பமோ?” என்றார்.

ஏரம்பமூர்த்திக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லீலா எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ரயில் ஏறியிருக்கலாம். ஈப்போ பள்ளியில் அந்த இடம்கூட மறுபடி காலியாகத்தான் இருந்தது. அவள் மறுநாள் பஸ் பிடித்துக் காத்தோங்குக்குப் போய், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். இந்தியத் தமிழர் வீட்டுப் பெண்ணா, அதுவும் மீன்கடைக்காரர் மகளா என்று இரஞ்சிதத்தின் சொந்தக்காரர்கள் ஒரு வருடம் முணுமுணுத்தார்கள். 1967 தை மாதம் கல்யாணம் நடந்தது, ஏற்ற நேரம் தள்ளி முகூர்த்தம் வைத்தார்கள். காத்தோங்கில் மிஞ்சியிருந்த வலைக்காரர்கள் அந்த வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள், பஃபலோ ரோட்டு நாற்பது அடுப்பில் முப்பது பஸ் ஏறி வந்து அங்கேயே பிழைத்தது. மீதிப் பத்தும் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக இருந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஏற்ற நேரத்துக்கெல்லாம் ஏரம்பமூர்த்தி அந்த வீட்டுக்கு வந்து நின்றார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை, ஆனால் மீன் குறையவில்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. தவறிச் சொன்ன பெயருக்கும் தெரிந்தே சொன்ன பெயருக்கும் வித்தியாசம் உண்டு என்றார் பாக்கியலட்சுமி. அலுவலகம் வண்டல் காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. படிவத்தின் கரைக் கட்டத்தில் சிலோன் ரோட்டு வீட்டு இலக்கத்தை ஏரம்பமூர்த்தி எழுத, இந்த முறை அது திரும்பி வரவில்லை. இரஞ்சிதம் அடுப்பை உயரத்தில் ஏற்றினார், மீன் சுவாமி அறைக்குள் போகாமல் வாசலில் பலகை அடித்தார், மற்றபடி தம்பிக்கும் தனக்கும் சைவச் சமையல்தான்.

கோவிந்தசாமி தன் கடைக்கு மீனை அங்கேதான் எடுத்தார். கட்டிக்கொடுத்த மகளை ஒரு தகப்பன் தினமும் போய்ப் பார்த்தால் ஊர் சிரிக்கும். இவர் விடிந்ததும் கூடையோடு போய், தண்ணீர் இருந்தாலும் வற்றினாலும் முற்றத்தில் நின்று மீன் பொறுக்குகிற சாக்கில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் தேக்காவுக்குத் திரும்புவார்.