கொடுத்தேனா, கொடுக்கலையா

இலங்கையில் எழுபத்தேழு கலவரத்தில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பக்கத்து லயம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் வேலாயி. மறுவருடம் கப்பலேறி இந்தியா வந்து, குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயாவாக வேலை கிடைத்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. தீ வைத்தவர்கள் வந்தது லாரியில்; லாரிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். டாக்டர் ஒருவர் பத்து நாளைக்கு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். படபடப்பு அடங்கியது. அதே சீட்டைக் காட்டி ஐந்து மாதமாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அழுகையை வைத்தே எந்தப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறவள், இப்போது தொட்டில் தொட்டிலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பால்மாவு கரைக்கும்போது எத்தனை கரண்டி போட்டோம் என்பது பாதியில் விட்டுப்போகும். கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். புருஷன் பழனியாண்டியிடம் சொன்னால், "ஒனக்குக் கவனம் பத்தல, மாத்திரை மேல பழியப் போடுற" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொழுந்தெடுக்கும் காத்தாயி காய்ச்சலோடிருந்த கைக்குழந்தையை விட்டுப் போனாள். "பத்து மணிக்கு இந்தப் போத்தல்ல ஒரு மூடி குடுத்துரு அக்கா" என்று சொல்லியிருந்தாள். பதினொன்றுக்குப் பால் கொடுக்க வந்தவள் கேட்டாள்.

"மருந்து குடுத்தாச்சாக்கா?"

வேலாயிக்கு ஏதோ ஒரு மருந்துப் போத்தலைத் திறந்தது ஞாபகம் இருந்தது. அது இன்றைக்கா, நேற்று வேறொரு பிள்ளைக்கா? மூடி ஈரமாக இருந்தது. மருந்து ஊற்றிய ஈரமா, காலையில் காத்தாயி கழுவிய ஈரமா?

"தெரியலடி."

"தெரியலன்னா? குடுத்தியா, குடுக்கலையா?"

"அதான் தெரியலங்கிறேன்!" என்று கத்தியவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த மண்டைக்குள்ள என்ன எழவுதான் இருக்கு!"

மறுபடி கொடுக்கவும் பயம், சும்மா விடவும் பயம். காத்தாயி கொழுந்தெடுக்க மலைக்குத் திரும்பாமல், பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்து, அடுத்த வேளை மருந்தைத் தானே ஊற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேலாயியால் முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, இந்த மாத்திரையால் மறதி வருமா என்று கேட்க, வழக்கமாக அதை வாங்கும் மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் நூர் அகமது சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"ஏனுங்கம்மா, இது பத்து நாளைக்கு எழுதினதுங்க. நாங்களும் பாக்காம குடுத்துப்போட்டோம். ரொம்ப நாள் சாப்பிட்டா மறதி வருமுங்க."

"இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலையே!" அவள் ஆத்திரத்தில் மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். "இப்பவே தூக்கி வீசிர்றேன்."

"அய்யோ, பட்டுனு நிறுத்தக் கூடாதுங்க. டாக்டரைக் கேட்டுக் கொஞ்சங்கொஞ்சமாக் கொறைங்க."

டாக்டர் அரை அரை மாத்திரையாகக் குறைக்க வழி எழுதிக் கொடுத்தார். அன்றே வேலாயி எஸ்டேட் மேனேஜர் துரையிடம் போய், தலை தெளிகிறவரை பிள்ளைகளைத் தொட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, கொழுந்தெடுக்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்தெடுத்தபடி காத்தாயி கேட்டாள். "இப்பத் தேவலையாக்கா?"

"என்னத்தத் தேவல? பயம் திரும்பிருச்சு, மறதி இன்னும் முழுசாப் போகல. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து சாகுறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, கைநிறைய இருந்த கொழுந்தைக் கூடைக்குள் வீசினாள்.